சின்ன அறைக்குள் கார்டியாய்டு ஸ்பீக்கர், சப்வூஃபர்: இடம் பார்ப்பது முதல் அளந்து முடிப்பது வரை

ஏதாவது ஒரு ஆண் குரலை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்று கேட்டுப் பாருங்கள். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளின் கூர்மை காணாமல் போயிருக்கும். குரலின் கனம் மட்டும் அப்படியே இருக்கும். முன்னால் நின்றால் எவ்வளவோ, பின்னால் நின்றாலும் ஏறக்குறைய அவ்வளவு. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரின் இயல்பு அது. ட்ரெபிள் டார்ச் வெளிச்சம் மாதிரி முன்பக்கம் போகும், பேஸ் குண்டு பல்பு மாதிரி எல்லாப் பக்கமும் கொட்டும்.

பின்னால் கொட்டிய பேஸ் சுவரில் மோதித் திரும்பி வரும். வந்து சேரும்போது முன்னால் போன ஒலிக்கு நேர் எதிராக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எந்த அதிர்வெண்ணில் இது நடக்கும் என்பதைக் கையிலேயே கணக்குப் போடலாம்: 343ஐ, சுவருக்கும் வூஃபருக்கும் (பேஸ் எழுப்பும் பெரிய கூம்பு) உள்ள தூரத்தின் நான்கு மடங்கால் (மீட்டரில்) வகுக்க வேண்டும். 343 என்பது 20 டிகிரி செல்சியஸில் ஒலி ஒரு நொடிக்குப் போகும் மீட்டர். தூரம் 80 செ.மீ. என்றால் விடை 107 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிநாதம் இருக்கும் இடம் அது. அங்கே ஒரு குழி விழுந்தால் பாடுகிறவர் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி ஒலிப்பார். ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) எவ்வளவு ஏற்றினாலும் குழி நிரம்பாது. நேரடி ஒலியை ஏற்றும்போது சுவரிலிருந்து வரும் எதிர் ஒலியும் சேர்ந்தே ஏறுகிறதே.

கார்டியாய்டு என்றால் இதய வடிவம். மேடைப் பாடகர்கள் கையில் வைத்திருக்கும் மைக் முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்டு, பின்பக்கம் காதைப் பொத்திக்கொள்ளும் அல்லவா? அதே குணத்தை ஸ்பீக்கருக்குக் கொடுப்பதுதான் இது. பின்னால் போகும் ஒலிக்கு எதிரான ஒலி ஒன்றைச் சரியான தாமதத்தோடு விட்டு அதை அழிக்கிறார்கள். செய்வதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பக்கவாட்டிலும் பின்னாலும் கூடுதல் டிரைவர்களை (ஒலி எழுப்பும் கூம்புகள்) வைத்து, டிஎஸ்பி எனும் டிஜிட்டல் ஒலிச் செயலி மூலம் கட்டுப்படுத்துவது. கீ ஆடியோவின் கீ த்ரீ இப்படித்தான், ஒரு பெட்டியில் ஆறு டிரைவர். இன்னொன்று, பெட்டியின் பக்கவாட்டில் பிளவுகள் விட்டு, டிரைவரின் முதுகிலிருந்து வரும் ஒலியைத் தாமதித்து அவற்றின் வழியாகக் கசியவிடுவது. டச் அண்ட் டச் 8சி இந்த வகை. அதில் சுமார் 100 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் கார்டியாய்டு. அதற்குக் கீழே பின்பக்கத்து இரண்டு 8 அங்குல வூஃபர்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பகைக்காமல், அதையே துணைக்கு வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவது அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. சின்ன அறையில் கார்டியாய்டு தன் காசுக்கு வேலை செய்வது சுமார் 80 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே அறையின் ராஜ்யம். அங்கே கார்டியாய்டைத் திணிப்பதைவிட, சப்வூஃபரை (மிகத் தாழ்ந்த பேஸுக்கான தனிப் பெட்டி, சுருக்கமாக சப்) சுவரோடு சேர்த்துவிடுவது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

முதலில் டேப்பை எடுங்கள்

குழப்பம் வராமல் இருக்க: ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பதை முன்சுவர் என்கிறேன், நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பின்சுவர்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு 4.2 × 3.3 × 2.7 மீட்டர் அறை. 343ஐ ஒவ்வொரு அளவின் இரண்டு மடங்கால் வகுத்தால் அறை ‘முனகும்’ முதல் அதிர்வெண்கள் கிடைக்கும்: நீளத்துக்கு 41, அகலத்துக்கு 52, உயரத்துக்கு 64 ஹெர்ட்ஸ். இவைதான் மோடுகள். ஒலி தேயும் நேரம் 0.4 நொடி என்று வைத்துக்கொண்டால், இந்த அறையில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோடுகளின் கை ஓங்க ஆரம்பிக்கும். கீழே போகப் போக அவை தனித்தனியாகப் பிரிந்து நின்று, அங்கங்கே மேடும் பள்ளமுமாகக் கேட்கும்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பிறகு கிராஃபில் 41இல் ஒரு மேடு தெரியும்போது ஸ்பீக்கரைத் திட்ட மாட்டீர்கள்.

நாற்காலி முதலில், ஸ்பீக்கர் அப்புறம்

பலரும் ஸ்பீக்கரை வைத்துவிட்டு மிச்சமிருக்கும் இடத்தில் உட்காருவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். அறையின் நீளத்தில் சரிபாதியில் உட்காரக் கூடாது, அங்கே நீளத்தின் முதல் மோடு செத்துக் கிடக்கும். பின்சுவரில் தலையை ஒட்டியும் உட்காரக் கூடாது. பின்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் என்பது பழக்கத்தில் உள்ள தொடக்கப் புள்ளி, நம் அறையில் 1.6 மீட்டர். அது வேதவாக்கு இல்லை, ஆரம்பிக்க ஒரு இடம், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை ஸ்பீக்கர் விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை: கார்டியாய்டு ஸ்பீக்கர் பின்சுவரைப் பற்றி ஒன்றும் செய்யாது. அதன் முழு பலமும் முன்னோக்கித்தானே வருகிறது. உங்களைத் தாண்டிப் போய், பின்சுவரில் மோதி, உங்கள் முதுகுப் பக்கமாகத் திரும்பி வரும். பின்சுவரிலிருந்து 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் சுமார் 122 ஹெர்ட்ஸில் குழி. முன்சுவர்க் குழியை ஒழித்துவிட்டுப் பின்சுவர்க் குழியில் விழுந்த கதை இது. ஆகவே ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல் நார்) பேனலுக்கு வைத்திருக்கும் பணத்தைப் பின்சுவரில் போடுங்கள். ஒரு விரல் கனமுள்ள ஃபோம் 100 ஹெர்ட்ஸைச் சீண்டக்கூட முடியாது, ஏனென்றால் அங்கே அலைநீளம் 3.4 மீட்டர். 15 முதல் 20 செ.மீ. கனமும், பின்னால் கொஞ்சம் காற்று இடைவெளியும் இருந்தால்தான் பேச்சு.

ஸ்பீக்கரை வைத்துத் திருப்புதல்

அகலம் குறைந்த சுவரோடு, இடம் வலம் சமமாக வையுங்கள். ட்வீட்டர் (ட்ரெபிள் எழுப்பும் சின்ன டிரைவர்) காது உயரத்தில் இருக்கட்டும். சாதாரண ஸ்பீக்கருக்கு ‘சுவரை விட்டு எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது’ என்பார்கள். கார்டியாய்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 8சி மாதிரி சுவரைத் துணைக்கு எடுக்கும் ஸ்பீக்கர் என்றால், தள்ளி வைப்பதே தப்பு. அதைச் சுவரிலிருந்து 10 முதல் 50 செ.மீ.க்குள் வைத்து, அந்தத் தூரத்தை அதன் அமைப்பில் பதிய வேண்டும். வேறு எதுவானாலும் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

பக்கவாட்டில் பிளவுள்ள ஸ்பீக்கர் என்றால் அந்தப் பிளவு மூச்சு விடும் மூக்கு. பக்கத்தில் புத்தக அடுக்கோ, திரைச்சீலைக் குவியலோ, நாற்காலி முதுகோ ஒட்டி நின்றால் கார்டியாய்டு கெட்டுப்போகும். ஒரு ஜாண் இடமாவது விடுங்கள்.

அடுத்தது திருப்பும் கோணம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இலவசமாகக் கிடைக்கும் லாபம் இதில்தான் அதிகம். நம் அறையில் ஸ்பீக்கர்களுக்கு இடையே 1.9 மீட்டர், ஒவ்வொன்றும் பக்கச்சுவரிலிருந்து 70 செ.மீ., ஸ்பீக்கர்களின் கோட்டிலிருந்து நாற்காலிக்கு 2 மீட்டர். லட்சியக் கார்டியாய்டு நேர் பின்னால் பூஜ்யம், 90 டிகிரி பக்கவாட்டில் 6 டெசிபல் குறைவு. பக்கத்துச் சுவரில் பட்டு உங்கள் காதுக்கு வரும் ஒலி, ஸ்பீக்கரிலிருந்து சுமார் 50 டிகிரி வெளிப்பக்கமாகப் புறப்படுகிறது. ஸ்பீக்கரை நேராக வைத்தால் அந்தக் கோணத்தில் 1.7 டெசிபல்தான் குறையும். அதே ஸ்பீக்கரை 25 டிகிரி உள்ளே திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்க வைத்தால், அந்த ஒலி இப்போது 75 டிகிரியில் புறப்பட்டதாகிறது, 4 டெசிபல் குறையும். கூடவே பின்னால் இருக்கும் பூஜ்யமும் வெளிப்பக்க மூலையை நோக்கித் திரும்பும். பேஸ் தேங்கும் இடம் மூலைதானே. ஒரு சின்னத் திருப்பலில் இரண்டு வேலை முடிகிறது.

வைத்ததும் ஒரு எளிய சோதனை. ஒரே ஒரு ஸ்பீக்கரில் 150 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) அளவான சத்தத்தில் விட்டு, அதைச் சுற்றி மெதுவாக நடந்து வாருங்கள். பக்கவாட்டைத் தாண்டும்போது சத்தம் இறங்கி, பின்னால் ஓரிடத்தில் யாரோ வால்யூமைக் குறைத்த மாதிரி இருக்க வேண்டும். அறைக்குள் முழுப் பூஜ்யம் கிடைக்காது. சுவர்கள் சும்மா இருக்காதே. ஆனால் வித்தியாசம் காதுக்குத் தெளிவாகத் தெரியும். தெரியவில்லை என்றால் பிளவு அடைபட்டிருக்கிறது, அல்லது அமைப்பில் ஏதோ தவறு.

சப்வூஃபர்: சுவரோடு சேர்க்கும் வழி

சின்ன அறையில் பத்துக்கு எட்டுப் பேருக்கு நான் சொல்லும் வழி இதுதான். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 மீட்டர். முழு அறையே அதில் பாதிக்கு முன்னும் பின்னும்தான். அந்த அலைக்கு முன், பின் என்ற பேச்சே எடுபடாது. பின்னால் போவதைத் தடுத்து என்ன லாபம்?

சப்பின் டிரைவரைச் சுவருக்கு 40 செ.மீ.க்குள் கொண்டுபோங்கள். அப்போது, முதலில் நான்கு மடங்கால் வகுத்துப் பார்த்த அந்தச் சுவர்க் குழி 214 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிவிடும். சப் 80 ஹெர்ட்ஸில் வேலையை முடித்து மேலே ஸ்பீக்கரிடம் விட்டுவிடுவதால் அந்தக் குழி இருப்பதே தெரியாது. சுவர் கொடுக்கும் பலமும் இலவசம்.

கையில் இரண்டு சப் இருந்தால் இரண்டையும் முன்னாலேயே அடுக்காதீர்கள். ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றதைப் பின்சுவரின் நடுவிலும் வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அறைக்குள் காற்றைத் தள்ளி, ஒரே நேரத்தில் இழுத்தால் நீளத்தின் முதல் மோடு எழவே எழாது. இரண்டும் அகலத்தின் நடுக்கோட்டில் இருப்பதால் அகலத்தின் முதல் மோடும் தூங்கும். நம் அறையில் 41, 52 இரண்டும் ஒரே அடியில் அடங்கின. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி பல சப் அமைப்புகளைக் கணக்கிட்டு ஒப்பிட்டபோதும், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு என்பது சிக்கனமான நல்ல விடைகளில் ஒன்றாக வந்தது.

இல்லை, சப்பும் கார்டியாய்டாகத்தான் வேண்டும் என்றால்

சரி, செய்யலாம். ஆனால் சப்புக்குப் பின்னால் தாராளமாக இடம் வேண்டும், ஒரே மாடலில் இரண்டு சப் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தாமதமும் அளவும் வைக்கக்கூடிய டிஎஸ்பி வேண்டும். மினிடிஎஸ்பி 2×4 எச்டி போன்ற சின்னப் பெட்டியே போதும். வேறு வேறு மாடல் சப்களைச் சேர்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்னணுத் தாமதம் ஒவ்வொன்றிலும் வேறு, கணக்கு ஒருநாளும் பொருந்தாது.

ஒன்றன் பின் ஒன்றாக, டிரைவருக்கு டிரைவர் 80 செ.மீ. இருக்கும்படி வையுங்கள். பின் சப்பின் போலாரிட்டியைத் தலைகீழாக்குங்கள், அதாவது மற்றது தள்ளும்போது இது இழுக்கும்படி. அதற்குக் கொடுக்க வேண்டிய தாமதம்: தூரத்தை (செ.மீ.) 34.3ஆல் வகுத்தால் மில்லிசெகண்ட். 80க்கு 2.33. பின்னால் நிற்கிறவருக்கு இரண்டு சப்பின் ஒலியும் ஒரே நேரத்தில் வரும், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. விளைவு, அமைதி. முன்னால் இருப்பவருக்குப் பின் சப்பின் ஒலி இரட்டைத் தாமதத்தோடு வருவதால் முழுதாக அழியாது.

‘முழுதாக அழியாது’ என்பதில்தான் விலை ஒளிந்திருக்கிறது. 80 செ.மீ. இடைவெளியில், 80 ஹெர்ட்ஸில் இரண்டு சப்பும் ஏறக்குறைய முழு பலத்தோடு சேரும். 36 ஹெர்ட்ஸில் இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு சப்பின் சத்தம்தான் தரும். 20 ஹெர்ட்ஸில் ஒற்றைச் சப்பைவிட 4.8 டெசிபல் குறைவு, சாதாரணமாக இரண்டையும் சேர்த்து ஓட்டுவதைவிட 10.8 டெசிபல் குறைவு. அந்தக் குறையை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்ட வேண்டுமென்றால் பத்து மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். இடைவெளியைப் பாதியாக்கினால் நிலைமை இன்னும் மோசம்.

பெரிய மைதானத்தில் செய்கிறவர்களுக்கு வராத ஒரு தொல்லை நமக்கு உண்டு. அங்கே பின்னால் இருப்பவர் 20 மீட்டர் தள்ளி இருப்பார், இரண்டு சப்பும் அவருக்கு ஒரே தூரம் மாதிரிதான். நம் அறையில் முன்சுவர் பின் சப்பிலிருந்து 80 செ.மீ., முன் சப்பிலிருந்து 1.6 மீட்டர். தூரம் இரட்டை என்பதால், திறந்த வெளிக் கணக்கில் பின் சப் 6 டெசிபல் அதிகமாகக் கேட்கும். அழிக்க வேண்டியவரே சத்தம் போட்டால் எப்படி? மைக்கைப் பின் சப்புக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, ஒவ்வொரு சப்பையும் தனியாக அளந்து, 40 முதல் 90 ஹெர்ட்ஸ் வரை இரண்டும் சமமாக வரும்வரை பின் சப்பைக் குறையுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதை அளவீடுதான் சொல்லும். பிறகு இரண்டையும் சேர்த்து ஓட்டி, தாமதத்தை 0.1 மில்லிசெகண்ட் படியாக அங்குமிங்கும் நகர்த்தி, அந்த இடத்தில் கிராஃப் அதிகபட்சம் தாழும் புள்ளியில் நிறுத்துங்கள்.

நான் முதல் தடவை செய்தபோது ஒரு முழு மாலையும் போனது. கணக்கு சரி, தாமதம் சரி, ஆனால் பின்னால் சத்தம் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே இருந்தது. கேபிளை மாற்றினேன், டிஎஸ்பியை அழித்து மறுபடி எழுதினேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், பின் சப்பின் முதுகில் இருந்த ஃபேஸ் குமிழ் (அலையைத் திருப்பிவிடும் குமிழ்) 180 டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. டிஎஸ்பியில் ஒரு தடவை தலைகீழ், சப்பில் இன்னொரு தடவை தலைகீழ். இரண்டு கழித்தல் கூட்டல் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் எந்த வேலைக்கு முன்னும் சப்பில் இருக்கும் குமிழ்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, உள் கிராஸ்ஓவரை (சப் எந்த அதிர்வெண்வரை பாட வேண்டும் என்று பிரிக்கும் வசதி) அணைத்துவிட்டுத்தான் டிஎஸ்பியைத் தொடுகிறேன்.

சப்பையும் ஸ்பீக்கரையும் சேர்த்துத் தைத்தல்

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும், யூமிக்-1 மாதிரி அளவீட்டுத் திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக் ஒன்றும் போதும். மென்பொருள் இலவசம். அதில் அகவுஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸ் என்ற வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் யூஎஸ்பி மைக்கில் நேரத்தை ஒப்பிட முடியாது.

கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு என்று தொடங்கலாம். சுவரைத் துணைக்கு வைத்து ஆழமாக இறங்கும் ஸ்பீக்கர் என்றால் 60 போதும்.

டிஎஸ்பி உள்ள கார்டியாய்டு ஸ்பீக்கர்களில் ஒரு வேடிக்கை உண்டு. லீனியர் ஃபேஸ் முறையில் (எல்லா அதிர்வெண்ணும் நேரம் பிசகாமல் சேர்ந்து வரும்படி திருத்தும் முறை) ஓடும்போது ஸ்பீக்கரே பல பத்து மில்லிசெகண்ட் தாமதமாக வாய் திறக்கும். அதனால் சப்தான் ஸ்பீக்கருக்காகக் காத்திருக்க வேண்டும், அதாவது தாமதத்தைச் சப்பில் கொடுக்க வேண்டும். உங்கள் டிஎஸ்பி அவ்வளவு தாமதம் தராது என்றால் ஸ்பீக்கரைக் குறைந்த தாமத முறைக்கு மாற்றுங்கள்.

நேரம் பொருத்த நான் கையாளும் முறை: முன்பின் வைத்த சப் ஜோடியென்றால் அதை ஒரே சப்பாக எண்ணிக்கொண்டு, அதன் போலாரிட்டியைத் தற்காலிகமாகத் தலைகீழாக்குங்கள். மைக் நாற்காலியில், காது உயரத்தில். ஒரு ஸ்பீக்கரையும் சப்பையும் சேர்த்து அளந்து, 80 ஹெர்ட்ஸைச் சுற்றி மிக ஆழமான குழி விழும்வரை தாமதத்தை நகர்த்துங்கள். குழி ஆழமானதும் போலாரிட்டியைப் பழையபடி திருப்புங்கள். தலைகீழாக இருந்தபோது அதிகம் அழிந்தது, நேராக இருக்கும்போது அதிகம் சேரும். மேட்டைத் தேடுவதைவிடக் குழியைத் தேடுவது எளிது, கிராஃபில் அது ஊசி மாதிரி தெரியும்.

அப்புறம் ஈக்யூ. தலை இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 30 செ.மீ. தள்ளி ஐந்தாறு புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடுகளை மட்டும் வெட்டுங்கள். குழிகளை விட்டுவிடுங்கள், மிஞ்சிப்போனால் அகலமான தாழ்வுக்கு 3 டெசிபல். மேலே ஸ்பீக்கரின் போக்கு நன்றாக இருந்தால் கை வைக்க வேண்டாம்.

காதால் பார்ப்பது

முதல் இரண்டு நாள் ‘பேஸ் குறைந்துவிட்டதே’ என்று தோன்றும். பெரும்பாலும் குறைந்தது பேஸ் இல்லை, 100 முதல் 250 வரை அறை சேர்த்துக்கொண்டிருந்த கொழகொழப்பு. ஆனாலும் மெலிந்து கேட்டால் பிடிவாதம் வேண்டாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெதுவாக ஏறி, 20 ஹெர்ட்ஸுக்கு வரும்போது 4 முதல் 6 டெசிபல் கூடியிருக்கும்படி உயர்த்திப் பாருங்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். முற்றிலும் தட்டையான கிராஃபோடு ஒரு வாரத்துக்கு மேல் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டவரை நான் பார்த்ததில்லை.

பேஸ் கிட்டார் தனியாகச் சுரம் சுரமாக ஏறி இறங்கும் பதிவு ஒன்றைப் போடுங்கள். எந்தச் சுரமும் துள்ளி வெளியே வரக் கூடாது, எதுவும் காணாமல் போகவும் கூடாது. ஒன்று துள்ளினால் சுவரில் ஒட்டிய தாளைப் பாருங்கள், 41, 52, 64இல் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். சப்பை ஒரு சாண் நகர்த்தி மறுபடி அளந்துவிட்டுத்தான் ஈக்யூவுக்குப் போக வேண்டும்.

எல்லாம் திருப்தியானதும் ஸ்பீக்கர், சப், நாற்காலிக் கால்கள் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். டிஎஸ்பி அமைப்பைத் தேதியோடு சேமியுங்கள். சப்பின் முதுகில் ஃபேஸ் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை பெருக்கித் துடைக்கும்போது அது கட்டாயம் நகரும்.